பிள்ளையார் உட்கார்ந்து பார்த்த வீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்துவிட்டேன். நோட்டு வாங்கி வைத்தே இரண்டு வருஷம் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். போட்டதும் கை நின்றுவிடும். எழுதப் போவதே அவரைப் பற்றித்தான். அவருக்கே ஒரு சுழியைப் போட்டுவிட்டு, "சாமி, உங்களைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைத்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லப் போகிறேன், தடங்கல் இல்லாமல் முடித்துக் குடுங்க" என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்தப் பக்கத்தைக் கிழித்து மளிகைச் சீட்டு எழுதிவிடுவேன். கடைக்காரர் ஒருதரம் கேட்டே விட்டார். "உங்க சீட்டுல மட்டும் சுழி நெம்பப் பெருசா இருக்குதுங்க. துவரம்பருப்பு நல்லதாப் போடோணும்னுங்களா?"

இன்னொரு காரணமும் இருந்தது. இந்தக் கதைக்குள் என் மாமியாரின் ரகசியம் ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அத்தையே எழுதச் சொல்லிவிட்டார். "எழுதிப்போடு புள்ள. ஆனாக் கூட்டியும் எழுதாத, கொறச்சும் எழுதாத" என்றார். நான் படித்தது எட்டாவது வரைக்கும். கூட்டி எழுதுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது, அதனால் பயமில்லை.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிகளுக்குக் கேபின் வேலை செய்கிற பட்டறையில் இருக்கிறார். டிரைவர் சீட்டுக்குப் பஞ்சு வைத்து ரெக்சின் தைப்பது, உள்பக்கம் பிளைவுட் அடித்துச் சன்மைக்கா ஒட்டுவது, இதெல்லாம் அவர் வேலை. அப்போது நாங்கள் மூன்று பேரும் ஓட்டு வீட்டில் இருந்தோம். பக்கத்திலேயே புது வீடு கட்டலாம் என்று பேச்சு வந்தது. எஞ்சினியர் வந்து, அளந்து, ஒரு வரைபடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தை அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஊடா? புள்ளி வெக்காத கோலமாட்ட இருக்குது" என்றார். அப்புறம் விரலை ஒரு கட்டத்தின் மேல் வைத்தார். "இந்த மூலையில என்னமோ எழுதியிருக்குதே, என்னடா அது?"

அது அத்தை படுக்கிற அறைக்குப் பக்கத்தில் கக்கூஸ். என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் தொண்டையைச் செருமினார். "அது எஞ்சினியர் கையெழுத்தும்மா" என்றார்.

அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அம்மா முன்னால் நிற்கும்போது அவருக்கு முதுகெலும்பு பட்டறையிலேயே தங்கிவிடும்.

இங்கே அந்த ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கக்கூஸ் பொடக்காளியில், வீட்டுப் பின்பக்கம், தென்னை மரத்தைத் தாண்டி இருந்தது. குத்த வைத்து உட்காருகிற பழைய மாதிரி. அதற்கு முந்தின ஐப்பசியில் ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனபோது உள்ளே இருந்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன். "யாரது?" என்றார் அத்தை, மெதுவாக. "நாந்தாங்கத்தை." அப்புறம், "கதவத் தள்ளு சாமி, எந்திரிக்க முடியல" என்றார். அரைமணி நேரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறார். முழங்கால் பூட்டிக்கொண்டது. கூப்பிட வெட்கம். நான் தூக்கிவிட்டேன். எழுந்ததும் முதல் பேச்சே, "ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாத. அவனுகிட்டயும்."

அன்றிலிருந்து அத்தை தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். குடித்தால்தானே போக வேண்டும். கட்டில் காலடியில் ஒரு சொம்பு வைப்பேன். காலையில் எடுத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். கால் வீங்கியது, நீர்க்கடுப்பு வந்தது, பரமத்தி வேலூர் டாக்டர் என்னைத் திட்டினார். "தண்ணி குடுக்கறதுக்கு என்னம்மா கஞ்சத்தனம்?" என்று. வாங்கிக்கொண்டேன். வாக்குக் கொடுத்திருந்தேனே.

அப்படிப்பட்ட அத்தைதான் வீட்டுக்குள் கக்கூஸ் என்றால் ஒரே பிடியாக முடியாது என்பார். "சாமி கும்படற செவுத்துக்கு அந்தப் பக்கம் அதா? நாளைக்கு வெளக்கு வெக்கறப்ப எனக்கு எது நெனப்பு வரும்?" பட்டறையில் பழகின வாயோடு என் வீட்டுக்காரர் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "அம்மா, லாரியில சாமி படத்துக்குப் பொறத்தாலதான் டிரைவர் படுத்துத் தூங்கறாரு." அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் சோற்றில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டு குனிந்துவிட்டார்.

காகிதத்தைப் பார்த்துத்தான் அத்தை மிரளுகிறார், வீடாகவே செய்து காட்டிவிட்டால் மனசு இளகும் என்று எனக்குத் தோன்றியது. ஃபோனில் ஒரு பொம்பளை தீப்பெட்டி சைஸில் சோபா செய்வதைப் பார்த்திருந்தேன். பொம்மை வீட்டுக்குள் கட்டில், மேசை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து அழகு பார்க்கிறார்கள். நாம் மட்டும் என்ன.

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பட்டறையில் மிஞ்சின பிளைவுட்டை என் வீட்டுக்காரர் கொண்டுவந்து சுவர்களை அடித்துக் கொடுத்தார். கூரை கிடையாது, மேலே இருந்து பார்க்க வேண்டும் அல்லவா. முப்பதுக்கு இருபத்தாறு அங்குலம். வைக்க இடமில்லாமல் எங்கள் கட்டில்மேல் வைத்தோம். நாங்கள் கீழே பாய் போட்டுக்கொண்டோம். "ஊடு கட்டறதுக்கு முன்னாலயே ஊட்ட உட்டுத் தொரத்தீட்டயே" என்றார் அவர்.

முதலில் சோபா. மெரூன் கலர் ரெக்சின் துண்டு ஒன்று நல்லதாகக் கிடைத்தது. ஸ்பாஞ்சை வெட்டி, ரெக்சினைச் சுற்றி ஒட்டினேன். மூலையில் மடிப்பு விழவே இல்லை. சின்ன சாமானுக்குச் சின்ன மடிப்பு வேண்டும், அது ரெக்சினுக்குத் தெரியாது. லாரியை நினைத்துக்கொண்டே முறைத்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் கையில் எடுத்துப் பார்த்தார். "இது டிரைவர் சீட்டு. ஒரு ஸ்டியரிங் வெச்சுக் குடுத்தீன்னா சேலம் வரைக்கும் போயிட்டு வந்துரலாம்." அப்புறம் கிழிந்த குடைத்துணியில் செய்தேன். அது படிந்தது.

நான் மத்தியானம் சமையல் முடிந்ததும் உட்காருவேன். பிளேடு கத்தி, உப்புத்தாள், ஸ்கேல், ஒட்டுப் பசை. ஐஸ் குச்சியைச் சீவிச் சமையல்கட்டுக்கு மாடுலர் அலமாரி செய்தேன். கதவு திறந்து மூட வேண்டும் என்று பிடிவாதம். புடவை ஃபால்ஸ் துணியில் மெல்லிசாக ஒரு நாடா வெட்டி உள்பக்கம் ஒட்டினால் அது கீல் மாதிரி மடங்குகிறது. கைப்பிடிக்கு ஸ்டேப்ளர் பின். உடைந்த ஃபோன் கண்ணாடி டிவி ஆயிற்று. ஃபிரிட்ஜ் கதவுக்குப் பழைய இயர்போனைப் பிரித்து உள்ளே இருந்த காந்தத்தை வைத்தேன். மூடும்போது 'டப்' என்று ஒட்டும். அந்தச் சத்தத்துக்காகவே ஒருநாள் இருபது தரம் திறந்து மூடினேன். ஜன்னல் திரைக்கு இளம்பிள்ளையில் நெய்த சேலையின் ஜாக்கெட் துண்டு. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் பாத்திரம் தேய்க்கிற தொட்டி. சாமி கும்பிட்டு முடித்த கையோடு, இன்றைக்கு என்ன செய்யலாம் என்றுதான் நினைப்பு ஓடும். கற்பூரம் காட்டும்போதே கற்பூர டப்பா மூடியைப் பார்த்து, இது வாஷ்பேசினுக்கு ஆகுமே என்று நினைத்திருக்கிறேன். மன்னிக்கட்டும்.

அத்தை தினமும் வந்து மேலே இருந்து எட்டிப் பார்ப்பார். "ஏம்புள்ள, இத்தன அலமாரி இருக்குது, ஒரு அருவாமனை இல்ல. டிவியவா சமைச்சுத் திங்கறது?" தகரத்தை வெட்டி அருவாமனை செய்து வைத்தேன். "இப்பத்தான் ஊடு" என்றார். அவர் அறைக்குப் பக்கத்தில் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அதை அவர் ஸ்டோர் ரூம் என்று நினைத்துக்கொண்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

இப்போது பிள்ளையாருக்கு வருகிறேன்.

சோபா செய்தால் அதில் ஆள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். கடையில் விற்கிற பொம்மைகள் எல்லாம் விறைப்பாக நிற்கின்றன, காலை மடக்கினால் உடைகின்றன. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். லாரி கண்ணாடிக்கு முன்னால் டேஷ்போர்டில் ஒட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. பழைய கேபினைப் பிரிக்கும்போது பட்டறையில் இவர்களைத் தூக்கி எறிய யாருக்கும் மனசு வராது. பெயர்த்து எடுத்து ஒரு பலகையில் வரிசையாக வைப்பார்கள். எத்தனையோ லட்சம் மைல் ஓடிக் களைத்த சாமிகள். அந்த வரிசையில் இருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்தவர் இவர். கனமான வார்ப்பு, தும்பிக்கை நுனி கொஞ்சம் போயிருந்தது. பின்னமான சாமியைப் பூஜைக்கு வைக்கக் கூடாது என்பார்கள். அதனால் அலமாரியில் ஓரமாக, ரிட்டயர் ஆனவர் மாதிரி இருந்தார். தினமும் ஒரு பூ மட்டும் வைப்பேன்.

அவர் ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தொங்குகிற கால்தான் எனக்கு வேண்டியது. கால் தரையைத் தொட்டால் உயரம் சரி. தொடாவிட்டால் அரை நூல் அளவு உயரத்தைச் சீவ வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார். குள்ளம், முன்னால் வயிறு, முழங்கால் முழுசாக மடங்காது. அளவெடுத்துச் செய்தது மாதிரி அத்தையேதான்.

அதனால் காலையில் பூஜை ஆனதும் அவரைக் கையில் எடுத்து, "வாங்க, வேலைக்குப் போலாம்" என்பேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று அவர் கனம் தாங்காமல் உடைந்தது. அதை மரக்குச்சி போட்டுப் பலப்படுத்தினேன். சாயங்காலம் முகம் கழுவி, திருநீறு வைத்து, பழைய இடத்தில் விட்டுவிடுவேன். இதில் எல்லாம் எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. நம் வீட்டில் இருப்பவர் நம் வேலையில் ஒத்தாசை செய்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக அந்தச் சின்ன அறைக்கு வெஸ்டர்ன் கக்கூஸ். இதற்குத்தான் படாத பாடு பட்டேன். கோதுமை மாவில் செய்தேன், வெடித்து எறும்பு வந்தது. வெள்ளைச் சோப்பில் குடைந்தேன், நன்றாக வந்தது. அதைக் குளிக்கிற இடத்தில் வைத்துவிட்டு மறந்தேன், என் வீட்டுக்காரர் தேய்த்துக் குளித்துவிட்டார். "ஏம்புள்ள, சோப்புக்கு நடுவுல எதுக்குக் குழி?" என்று வேறு கேட்டார். கடைசியில் அவரே பட்டறையில் இருந்து பட்டி கொண்டுவந்தார். லாரி பாடியில் நெளிசலை நிரப்பப் பூசுவது அது. குழைத்து, கையால் பிடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் நாலு நாள் தேய்த்தேன். வெள்ளைப் பெயின்ட் அடித்ததும் கல்யாண மண்டபத்தில் இருப்பது மாதிரி மினுங்கியது. தரையில் பசை போட்டு உட்கார வைத்தேன். மூடிக்கு மட்டும் சன்மைக்காவில் வட்டம் வெட்டி ஒட்ட வேண்டும்.

அதற்குள் அத்தை வேறொரு முடிவு எடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமும் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். "கையெழுத்து, ஸ்டோர் ரூமுன்னு ஆளாளுக்கு ஏச்சது போதும்" என்றார் அத்தை. எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. "அமாவாசைக்குப் போயி ஆத்தாகிட்டப் பூக் கேக்கலாம். ஊட்டுக்குள்ள அது வேண்டாம்னு அவ சொல்லிட்டா அதுக்கு மேல நீங்க பேசப்படாது."

எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் பயம். சிவப்பு வந்துவிட்டால் நானே அதை மீற மாட்டேன். அத்தை கட்டிலடியில் அந்தச் சொம்பு என்றைக்கும் நிரம்பியே இருக்கும்.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம். எப்படியும் முடித்துவிடுவோம் என்று மூடியை ஒட்ட உட்கார்ந்தேன். ஒரு சொட்டு விட்டால் விரலே ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை. வைத்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கனத்துக்கு என்ன வைப்பது என்று பார்த்தேன். அவர்தான் பக்கத்தில் இருந்தார். உயரமும் பார்த்த மாதிரி ஆகும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் கை தயங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். "சாமி, அத்தைக்காகத்தான்" என்று சொல்லி உட்கார வைத்தேன். கால் சரியாகத் தரையைத் தொட்டது. அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு தாய்கிட்டப் போய்ப் பாலைக் குடிக்க ஆரம்பித்தது. ஓடினேன். கன்றைப் பிடித்துக் கட்டி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் சாயங்காலம் ஆகிவிட்டது.

அத்தை விளக்கு வைக்க உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, ஓரத்துல இருந்த பிள்ளையாரக் காணமே" என்றார் அத்தை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "இங்கதான் எங்கியாச்சும் இருப்பாருங்கத்தை."

"எங்கியாச்சும் இருக்கறதுக்கு அவரென்ன உன்ற புருசனா?"

காப்பி குடித்தவர் புரையேறி இருமினார். நான் எழுந்திருப்பதற்குள் அத்தை கட்டில்கிட்டப் போய்விட்டார். நான் பிள்ளையாரை வேலைக்குக் கூட்டிப் போவது அவருக்குத் தெரியாமல் இருக்குமா. சோபாவைப் பார்த்தார். சமையல்கட்டைப் பார்த்தார். தன் அறைக் கட்டிலைப் பார்த்தார். அப்புறம் சுண்டு விரலால் அந்தச் சின்னக் கதவைத் தள்ளினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அத்தை குனிந்து பார்த்தபடியே இருந்தார்.

"இது என்னடா ரூமு?" என்று மகனைக் கேட்டார்.

"அது வந்தும்மா, எஞ்சினியரு..."

"கையெழுத்தா?"

அவர் டம்ளருக்குள் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தை இரண்டு விரலால் பிள்ளையாரைத் தூக்கினார். அவர் வரவில்லை. பசை மூடிக்கு வெளியே கசிந்து அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வீடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தது. ஃபிரிட்ஜ் கதவு திறந்து 'டப்' என்று மூடியது. அவர் மட்டும் எழவில்லை. நான் மனசுக்குள் எங்கள் ஊர்க் கோயில் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். நூத்தியெட்டுச் சுற்று, நூத்தியெட்டுத் தேங்காய் என்று வேண்டினேன். அந்த வேண்டுதலும் ஒட்டிக்கொண்ட அவருக்கேதான் போகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

அத்தை வீட்டைக் கீழே விட்டார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன நேரமா இருக்காரு?" என்று கேட்டார்.

"மத்தியானத்துல இருந்துங்கத்தை."

"எந்திரிக்க முடியலியாக்கும்."

நான் தலையை ஆட்டினேன்.

"கூப்பிட்டிருக்கலாமல்ல?" என்று பிள்ளையாரையே பார்த்துக் கேட்டார். அப்புறம் தானே சொன்னார். "வெக்கமா இருந்திருக்கும்."

என் வீட்டுக்காரர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தைதான் அவர் பக்கம் திரும்பினார். "ஒண்ணுமில்லடா. போன ஐப்பசில நானும் பொடக்காளில இப்படித்தான் இருந்தேன். அரைமணி நேரம். இவதான் தூக்கியுட்டா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்லம்மா."

"சொன்னா என்ன பண்ணுவ. உக்காந்து அழுவ. அப்பறம் உனக்கும் சேத்து நான் சமாதானஞ் சொல்லோணும்."

அவர் கண் அப்போதே அந்த வேலையை ஆரம்பித்துவிட்டது. அத்தை பார்க்காத மாதிரி மறுபடி வீட்டுக்குள் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் இப்போது வரும், இப்போது வரும் என்று திட்டுக்குக் காத்திருந்தேன்.

"ஏம்புள்ள, அருவாமனையெல்லாம் செய்யத் தெரியுது. புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி வெக்கத் தெரியலியே. கம்பியில்லாத எடத்துல சாமியவே ஒக்கார வெச்சாலும் இதே கெதிதான்."

"வெச்சுரலாங்கத்தை" என்றேன்.

"வழுக்காத கல்லாப் போடச் சொல்லு. பளபளன்னு போட்டுக் கொன்னுப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் விளக்கை ஏற்றினார். கற்பூரத் தட்டை எடுத்தவர் அலமாரிக்குக் காட்டினார். அப்படியே நடந்து வந்து கட்டில்மேல் இருந்த வீட்டுக்கும் காட்டினார், அந்தச் சின்னக் கதவுக்கு நேராக. "பிளைவுட்டு, பாத்தும்மா" என்றார் என் வீட்டுக்காரர். "சாமி எங்க இருக்குதோ அங்கதான் காட்டோணும். அலமாரியில அவரு இல்லியே" என்றார் அத்தை. பாலுக்கு உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை வாசலில் நின்று இதை முழுசாகப் பார்த்துவிட்டுப் போனாள். உறை வாங்கவே இல்லை. அவள் எதற்கு அவ்வளவு அவசரமாகப் போனாள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் அமாவாசை. பூக் கேட்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டதால் கேட்காமல் விடக் கூடாது என்று அத்தை கோயிலுக்குக் கிளம்பினார். "வெக்கறதா வேண்டாமான்னுங்களா?" என்று கேட்டேன். "அத எதுக்கு அவகிட்டக் கேக்கறது? அவளுக்கு முழங்கால் வலின்னா என்னன்னு தெரியுமா?" என்றார். பூசாரி பொட்டலங்களைப் போட்டு, கேட்க நினைப்பதை மனசுக்குள் கேட்டுக்கொள்ளச் சொன்னார். அத்தை வாய்விட்டே கேட்டார். "ஆத்தா, கம்பி வலது பக்கம் வெக்கறதுன்னா வெள்ளையக் குடு. எடது பக்கம்னா செவப்பக் குடு."

பூசாரி கையை நீட்டியவர் அப்படியே நின்றார். "என்ன கம்பிங்க?"

"நீங்க எடுங்க."

அவர் ஆயுசில் கல்யாணத்துக்கு எடுத்திருப்பார், போர் போட எடுத்திருப்பார். தலையை ஆட்டிக்கொண்டே எடுத்தார். வெள்ளை. "ஆத்தாளுக்கும் சோத்துக்கைதான் பழக்கம்" என்று அத்தை திருப்தியாகக் கும்பிட்டார். நான் அம்மன் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. என்னைத் தண்டிக்கிற யோசனை எதுவும் அதில் தெரியவில்லை. அன்றைக்கு அழுதேன். வேண்டின நூத்தியெட்டுச் சுற்றையும் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் சுற்றி முடித்தேன். தேங்காய் நூத்தியெட்டு முடியாது சாமி என்று சொல்லி எட்டு உடைத்தேன்.

சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வளைத்துப் பிளைவுட் வீட்டில் வலது பக்கம் கைப்பிடி வைத்தேன். கட்டிட மேஸ்திரி அதைப் பார்த்துத்தான் புது வீட்டிலும் வைத்தார். பிள்ளையாரைப் பிரிக்கத் தின்னர் போடலாமா என்று யோசித்தோம். அவர் வர்ணமே போய்விடும் என்று பயமாக இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடால் அறுத்தார். அடியில் மூடியும் ஒரு விரற்கடைப் பட்டியும் அவரோடே வந்துவிட்டன. அதோடுதான் இன்றைக்கும் பூஜை அலமாரியில் இருக்கிறார். முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக, வெள்ளை வெளேரென்ற பீடத்தில். ஓரத்தில் இருந்தவரை அத்தை நடுவில் நகர்த்திவிட்டார். வருகிறவர்கள், "பீடம் மார்பிளுங்களா?" என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, "ஸ்பெசலாச் செஞ்சதுங்க" என்பார்.

இதைத்தான் நாலு வருஷம் எழுதத் தயங்கினேன். ஆனால் நான் எழுதாவிட்டாலும் கதை நிற்கவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் சொல்லி, அவள் இன்னொருத்தியிடம் சொல்லி, எங்கள் வீட்டுக் கக்கூஸில் பிள்ளையார் தானாக முளைத்தார் என்று ஆகிவிட்டது. அவர் அத்தையின் கனவில் வந்து இடம் கேட்டார் என்று ஒரு சேதி. போன மாசம் எருமப்பட்டிப் பக்கம் இருந்து தூரத்துச் சொந்தம் ஒரு புருஷன் பெண்டாட்டி தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார்கள். காப்பி கொடுத்தேன். அந்த அம்மா மெதுவாக, "அந்த எடத்தக் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தமுங்க" என்றார். நான் எப்படிச் சொல்வது என்று விழித்தேன். அவர்களே எழுந்து போய்க் கக்கூஸ் கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள்.

உள்ளே இருந்து அத்தை, "இருங்க, ஆளு இருக்குது" என்றார்.

அவர்கள் போன பிறகுதான், "எழுதிப்போடு புள்ள" என்றார். அன்றைக்குச் சொம்பை எடுக்கப் போனேன். காலியாக இருந்தது. இப்போதெல்லாம் தினமும் காலியாகத்தான் இருக்கிறது. சில நாள் இன்னொரு சொம்பும் கேட்கிறார்.

அதனால் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம், வெளிச்சத்தைச் சேர்க்க வேண்டாம். பிள்ளையார் முளைக்கவில்லை, பசையில் ஒட்டிக்கொண்டார். மரியாதைக்காக அவரை எழுப்பிச் சோபாவில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும். வலது பக்கத்துக் கம்பியை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.